உங்கள் வேகத்தை அளந்த ‘ஸ்பீடு கன்’னை அளந்தது யார்? லேசர் கருவிகளின் சான்றிதழ் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரிலிருந்து கிளம்பி, ராத்திரி வீடு வந்து சேர்கிறீர்கள். சில நாள் கழித்து, ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது போன் அதிர்கிறது. உங்கள் வண்டி எண், அதிவேகம் என்று ஒரு வரி, 1000 ரூபாய் அபராதம், பணம் கட்ட ஒரு லிங்க். திறந்து பார்த்தால் படத்தில் இருப்பது உங்கள் கார்தான். மூலையில் ஓர் எண்: 94. அந்தச் சாலையில் வரம்பு 80.

அன்றைக்கு அந்த இடத்தில் 94-ல் போனீர்களா? ஞாபகம் இருக்க வாய்ப்பே இல்லை. இரண்டு நிமிடம் யோசிப்பீர்கள், அப்புறம் யுபிஐ-யில் கட்டிவிட்டு மீட்டிங்குக்குத் திரும்புவீர்கள். நானும் அப்படித்தான் கட்டியிருக்கிறேன், இரண்டு முறை. இரண்டு முறையும் ஒரு கேள்வி தோன்றவே இல்லை: அந்த 94 என்ற எண்ணைச் சொன்ன கருவி சரியாக அளக்கிறது என்று யார் சொன்னார்கள்?

காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை உண்டு. பெட்ரோல் பங்க் பம்புக்கு உண்டு. ஆட்டோ மீட்டருக்கும் உண்டு. கால் கிலோ கத்தரிக்காயில் பத்து கிராம் குறைந்தால் புகார் செய்ய ஓர் அதிகாரி இருக்கிறார். அப்படியிருக்க, உங்கள் லைசென்ஸையே பறிக்கக்கூடிய ஒரு கருவிக்கு?

லேசர் எப்படி வேகத்தைக் கண்டுபிடிக்கிறது?

போலீஸ் கையில் இருக்கும் ஸ்பீடு கன்களில் முக்கியமான வகை இரண்டு. ரேடார் வகை, மைக்ரோவேவ் அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியது என்று பார்க்கிறது. பள்ளியில் படித்த டாப்ளர் விளைவுதான். லேசர் வகை அப்படி இல்லை. அது நேரடியாக வேகத்தை அளப்பதே கிடையாது. தூரத்தை அளக்கிறது, திரும்பத் திரும்ப.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித் துடிப்பு ஒன்று கருவியிலிருந்து கிளம்பி, உங்கள் நம்பர் பிளேட்டிலோ ஹெட்லைட்டிலோ பட்டுத் திரும்புகிறது. ஒளி ஒரு நானோ விநாடியில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் போகும். போய் வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். இப்படி விநாடிக்கு நூற்றுக்கணக்கான துடிப்புகள். முதல் துடிப்பில் கார் 300 மீட்டரில் இருந்தது, 0.3 விநாடி கழித்து 293.3 மீட்டரில் இருக்கிறது என்றால், 6.7 மீட்டர் நெருங்கிவிட்டது. கணக்குப் போட்டால் மணிக்கு 80 கி.மீ. மொத்த வேலையும் அரை விநாடிக்குள் முடிந்துவிடும்.

இதில் எவ்வளவு நுணுக்கம் தேவை என்று பாருங்கள். நேரத்தை அளப்பதில் ஒரே ஒரு நானோ விநாடி தவறினால் தூரத்தில் 15 சென்டிமீட்டர் பிசகும். முதல் துடிப்பையும் கடைசித் துடிப்பையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டால், அந்த 15 சென்டிமீட்டரே வேகத்தில் 1.8 கி.மீ. வித்தியாசம் காட்டும். அதனால்தான் கருவி இரண்டு புள்ளியை நம்புவதில்லை. டஜன் கணக்கான அளவுகளின் ஊடே ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் சரிவை வேகம் என்று சொல்கிறது. அளவுகள் கோட்டோடு ஒத்துப்போகாவிட்டால் எண்ணே காட்டாமல் ‘எரர்’ காட்ட வேண்டும். நல்ல கருவிக்கும் மோசமான கருவிக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

தப்பு எங்கே வரும்?

முதலில் ஒரு ஆறுதல். எல்லாப் பிழையும் உங்களுக்கு எதிரானது இல்லை. போலீஸ்காரர் சாலையின் நடுவில் நிற்க முடியாது, ஓரத்தில்தான் நிற்பார். அதனால் கருவி உங்களை நேருக்கு நேர் பார்க்காமல் சற்றுச் சாய்வாகப் பார்க்கிறது. கோணம் கூடக் கூட, கருவி காட்டும் வேகம் உண்மையைவிடக் குறையும். 10 டிகிரியில் 1.5 சதவீதம், 20 டிகிரியில் 6 சதவீதம், அதாவது நீங்கள் 80-ல் போனால் 75 என்று காட்டும். நேர்ச்சாலையில் ஒரே இடத்தில் நின்று அளக்கும்போது இந்தப் பிழை எப்போதுமே ஓட்டுநருக்குச் சாதகம். ‘சைடுல நின்னு புடிச்சாங்க, அதான் தப்பா காட்டுது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது அப்படிச் சாதகமானது இல்லை. லேசர் கதிர் ஊசி முனை மாதிரி மெல்லியது என்று நினைக்கிறோம். ஆனால் அதுவும் விரிகிறது. 3 மில்லி ரேடியன் விரிவு என்று வைத்துக்கொண்டால், 300 மீட்டர் தூரத்தில் கதிரின் அகலம் 90 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஒரு பைக்கின் ஹேண்டில்பாரைவிட அகலம். நம் சாலைகளை நினைத்துப் பாருங்கள்: லேன் என்று ஒன்று இருப்பதையே மதிக்காமல், பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் இரண்டு பைக் நுழைந்து வரும். கதிர் யார் மேல் பட்டது? கருவியின் குறிநோக்கி லேசான கோணத்தில் விலகியிருந்தால்கூட, திரையில் தெரிவது ஒரு வண்டி, அளந்தது பக்கத்து வண்டி என்று ஆகலாம்.

மூன்றாவது, துறை சார்ந்தவர்கள் அதிகம் விவாதிப்பது: வழுக்கல் பிழை. அளக்கும் அந்த அரை விநாடிக்குள் கை அசைந்து, கதிர் உங்கள் காரின் முன்கண்ணாடியிலிருந்து பானெட் வழியாக பம்பருக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியைவிட பம்பர் கருவிக்கு 1.5 மீட்டர் அருகில் இருக்கிறது. கார் வந்த தூரத்தோடு இந்த 1.5 மீட்டரும் சேர்ந்துவிடும். 0.3 விநாடிக்குக் கணக்குப் போட்டால், கூடுதலாக மணிக்கு 18 கி.மீ. நீங்கள் ஓட்டாத வேகம். 2005-ல் பிரிட்டனில் ஒரு நாளிதழ் போலீஸ் பயன்படுத்தும் லேசர் கருவியை வைத்துச் சோதனை செய்து, ஒரு சுவர் மணிக்கு 44 மைல் வேகத்தில் ‘ஓடியதாக’ அது காட்டியது என்று செய்தி வெளியிட்டது. சுவரின் மேல் கதிரைச் சாய்வாக இழுத்தால் இதுதான் நடக்கும். இப்படிச் சீராக வழுக்கும் அளவைக் கருவியின் மென்பொருள் கண்டுபிடித்து நிராகரிக்கிறதா என்பதுதான், எந்தச் சோதனைக்கூடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

‘சர்டிபிகேட் இருக்கு சார்’. எந்த சர்டிபிகேட்?

இங்கேதான் பெரிய குழப்பம். சான்றிதழ் என்ற ஒரே வார்த்தையில் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

ஒன்று, மாதிரி ஒப்புதல். ஒரு நிறுவனம் தயாரிக்கும் குறிப்பிட்ட மாடல், வடிவமைப்பிலேயே சரியா என்று பார்ப்பது. வெயிலில், மழையில், பேட்டரி குறைந்த நிலையில், பக்கத்தில் வாக்கி-டாக்கி பேசும்போது எண் மாறுகிறதா? வழுக்கல் பிழையைப் பிடிக்கிறதா? இது மாடலுக்கு ஒருமுறை செய்வது.

இரண்டு, அளவுத்திருத்தம், அதாவது கேலிபரேஷன். உங்கள் படத்தை எடுத்த அந்த ஒரு குறிப்பிட்ட கருவி, அந்த சீரியல் நம்பர், இன்றைக்குச் சரியாக இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பது. லேசருக்கு இதை வேடிக்கையாகச் செய்வார்கள்: எந்தக் காரும் ஓடாது. கருவியின் துடிப்பை ஒரு மின்னணுச் சாதனம் வாங்கி, கணக்கிட்ட தாமதத்தோடு திருப்பி அனுப்பும். கருவிக்கு அது 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் போலத் தெரியும். அந்தத் தாமதத்தை அளக்கும் கடிகாரமும் நம்பகமானதாக இருக்க வேண்டும். அதன் சங்கிலி போய் முடிவது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில். நாட்டின் மீட்டருக்கும் விநாடிக்கும் பொறுப்பு அவர்கள்தான்.

மூன்று, அன்றாடச் சோதனை. இதை யாரும் சான்றிதழ் என்று சொல்வதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஷிப்ட் தொடங்கும்போது கருவியை ஆன் செய்து தற்சோதனை பார்ப்பது, ஒரு கம்பத்தை நோக்கிக் குறிநோக்கி நேராக இருக்கிறதா என்று பார்ப்பது, டேப் வைத்து அளந்த ஒரு தூரத்தைக் கருவியும் அதே அளவாகச் சொல்கிறதா என்று பார்ப்பது. ஒரே ஒரு தூரத்தில் மட்டும் பார்த்தால் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேகம் என்பது இரண்டு தூரங்களின் வித்தியாசத்திலிருந்து வருவதால், இரண்டு இடத்தில் அளந்து அந்த வித்தியாசம் சரியாக வருகிறதா என்று பார்ப்பதுதான் உருப்படியான சோதனை. ஜீப்பிலிருந்து ஒருமுறை கீழே விழுந்தால் போதும், போன மாதம் வாங்கிய ஆய்வகச் சான்றிதழால் பயன் இல்லை. பதிவேட்டில் அன்றைய தேதிக்கு ஒரு கையெழுத்து இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 183-வது பிரிவுதான் அதிவேகத்துக்கான தண்டனைப் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு கார் போன்ற இலகுரக வாகனத்துக்கு 1000 முதல் 2000 ரூபாய், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2000 முதல் 4000 ரூபாய். இரண்டாவது முறை சிக்கினால் லைசென்ஸைப் பறிமுதல் செய்யலாம். டெலிவரி வண்டி, டாக்ஸி ஓட்டுபவருக்கு அது அபராதம் இல்லை, மாதச் சம்பளம்.

அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவை அதிகம் பேர் படிப்பதில்லை. ஒரே ஒரு சாட்சி, ‘என் கருத்தில் இவர் வேகமாகத்தான் போனார்’ என்று சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது. அந்தக் கருத்து ஓர் இயந்திர அல்லது மின்னணுக் கருவி தந்த கணிப்பின் அடிப்படையில் இருக்க வேண்டும் என்கிறது அது. அதாவது, வழக்கின் மொத்த பாரமும் கருவியின் மேல் இருக்கிறது.

அந்தக் கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2021 ஆகஸ்டில் ஒரு பதில் வந்தது: மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி. ஸ்பீடு கேமரா, ஸ்பீடு கன், சிசிடிவி, உடலில் அணியும் கேமரா என எல்லாவற்றையும் ‘மின்னணு அமலாக்கக் கருவி’ என்ற ஒரே பெயரில் சேர்த்தது. மாநில அரசு நியமிக்கும் அதிகாரி, கருவி துல்லியமாகவும் ஒழுங்காகவும் இயங்குகிறது என்று ஒப்புதல் சான்றிதழ் தர வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிக்கப்படும் சாலைப் பகுதியில் எச்சரிக்கைப் பலகை பார்வைக்குப் படும்படி இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதில் நம்பர் பிளேட் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம், மீறப்பட்ட சட்டப் பிரிவு, மின்னணு ஆதாரத்துக்கான சாட்சியச் சட்டச் சான்றிதழ் எல்லாம் இருக்க வேண்டும்.

கடைசியில் சொன்ன சான்றிதழைக் கொஞ்சம் கவனியுங்கள். முன்பு இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி(4) பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63(4). இது இல்லாமல் மின்னணு ஆவணத்தின் நகலை ஆதாரமாக ஏற்க முடியாது என்று அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இந்தச் சான்றிதழ் சொல்வதெல்லாம், ‘இந்தப் படம் இந்தக் கருவியிலிருந்து வந்தது, இடையில் யாரும் மாற்றவில்லை’ என்பதைத்தான். 94 என்ற எண் சரியா என்பதை அது சொல்லாது. தராசு காட்டியதை நேர்மையாக எழுதினேன் என்பது வேறு. தராசு சரி என்பது வேறு.

ரேடாருக்கு விதி வந்தாச்சு, லேசருக்கு?

சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009 என்று ஒன்று இருக்கிறது. கடைத் தராசுக்கு முத்திரை குத்துவது அதன்படிதான். தமிழ்நாட்டில் அந்த வேலை தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. வியாபாரத்துக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று நினைப்போம். ஆனால் ‘பாதுகாப்பு’க்காகப் பயன்படும் அளவைகளையும் அது உள்ளே கொண்டுவருகிறது. மனிதர்களின் நலனைக் காக்க ஒரு நடவடிக்கை எடுப்பதற்கு ஓர் அளவையின் கணக்கைப் பயன்படுத்தினால், அதுவும் பாதுகாப்பு. ஸ்பீடு கன் செய்வது இதைத்தானே?

இந்த வழியில்தான் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வாகன வேகத்தை அளக்கும் ரேடார் கருவிகளுக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. ராஞ்சியில் உள்ள இந்திய சட்டமுறை எடையளவு நிறுவனத்தின் இயக்குநர் தலைமையிலான குழு, சர்வதேசச் சட்டமுறை எடையளவு அமைப்பின் ஆர்-91 என்ற பரிந்துரையை அடிப்படையாக வைத்து வரைவைத் தயாரித்தது. 2025 ஜூலை 1 முதல் அமல். ரேடார் கருவிகளைச் சாலையில் இறக்குவதற்கு முன் சரிபார்த்து முத்திரை பெற வேண்டும்.

நல்ல விஷயம்தான். ஆனால் விதியின் தலைப்பே ‘மைக்ரோவேவ் டாப்ளர் ரேடார் கருவி’ என்கிறது. லேசரில் மைக்ரோவேவும் இல்லை, டாப்ளரும் இல்லை. ஆர்-91 வெளியானது 1990-ல், அதுவும் ரேடாருக்கானது. ஆக, ஒரே இன்டர்செப்டர் வண்டியில் ரேடார் ஒன்றும் லேசர் ஒன்றும் இருந்தால், முதலாவதற்கு என்ன சோதனை, எவ்வளவு பிழை வரை அனுமதி என்று தேசிய அளவில் எழுதப்பட்ட விதி உண்டு. இரண்டாவதற்கு 167ஏ சொல்லும் ‘துல்லியமாகவும் ஒழுங்காகவும்’ என்ற இரண்டு வார்த்தைகள். எவ்வளவு துல்லியம்? எந்தச் சோதனைப்படி? அது மாநில அதிகாரியின் கையில். என் வாசிப்பில் இது ஒரு பெரிய ஓட்டை. அதை அடைக்கப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை, அதே விதிகளில் லேசருக்கு இன்னொரு அத்தியாயம் போதும்.

மற்ற நாடுகளில் சண்டை போட்டுத்தான் வாங்கினார்கள்

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1996-ல் ஒரு நீதிபதி, லேசர் கருவியின் துல்லியம் நிரூபிக்கப்படவில்லை என்று அதன் ஆதாரத்தை ஏற்க மறுத்தார். அரசுத் தரப்பு முறையான சோதனைகளை நடத்தி முடிவுகளோடு திரும்பி வந்தது. 1998-ல் அதே நீதிபதி ஏற்றுக்கொண்டார், ஆனால் நிபந்தனையோடு: கனமழையிலும் பனி பொழியும்போதும் எடுத்த அளவு செல்லாது, 1000 அடிக்கு மேல், அதாவது சுமார் 300 மீட்டருக்கு மேல் எடுத்தது என்றால் நிபுணர் சாட்சியம் வேண்டும். கருவியை நம்பலாமா கூடாதா என்று விவாதிக்காமல், எந்தச் சூழலில் எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பிரித்துச் சொன்ன தீர்ப்பு அது. நம் ஊர் விவாதத்தில் இந்தப் பிரித்துப் பார்ப்பதுதான் இல்லை.

ஜெர்மனியில் கருவி காட்டும் வேகத்திலிருந்து 100 கி.மீ. வரை 3 கி.மீ.யும், அதற்கு மேல் 3 சதவீதமும் கழித்துக்கொண்டுதான் அபராதமே போடுவார்கள். அப்படிப்பட்ட நாட்டிலும் 2021-ல் ஒரு சிக்கல். முறையான ஒப்புதல் பெற்ற லைவ்டெக் எக்ஸ்வி3 என்ற கருவி, குறிப்பிட்ட சூழல்களில் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டித் தவறாகக் காட்டுவது தெரியவந்தது. பயன்படுத்தாதீர்கள் என்று தயாரித்த நிறுவனமே சொன்னது. நாட்டின் அளவியல் நிறுவனமும் பிழையை உறுதி செய்தது. அதற்குச் சில மாதம் முன்பு, 2020 நவம்பரில், ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் இன்னொன்றையும் சொல்லியிருந்தது: குற்றம் சாட்டப்பட்டவர், வழக்குக் கோப்பில் இல்லாத அளவீட்டுத் தரவுகளையும் கேட்டுப் பார்க்கலாம்.

‘அப்போ வேகமா போறவனுக்குத்தானே லாபம்?’

நியாயமான கேள்வி. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி அதில் 71.2 சதவீதம் அதிவேகத்தால். (தரவு வேலை செய்பவள் என்ற முறையில் ஒரு குறிப்பு: விபத்துக்குப் பிறகு போலீஸ் நிரப்பும் படிவத்தில் வரும் காரணம் இது. கருவி வைத்து அளந்தது இல்லை.) அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. கோவையைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்த பொதுநல வழக்கில்தான், மின்னணுக் கண்காணிப்புக்கான 136ஏ பிரிவையும் 167ஏ விதியையும் அமல்படுத்துங்கள் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முதல் கட்டமாக அறிக்கை கேட்கப்பட்ட ஐந்து மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

ஆக, கேமராவும் ஸ்பீடு கன்னும் இனி கூடத்தான் போகின்றன. கூடவும் வேண்டும். ஆனால் சான்றிதழ் காலாவதியான ஒரு கருவி இரண்டு பக்கமும் வெட்டும். 76-ல் போனவர் 1000 ரூபாய் கட்டுவார். 140-ல் போய்ப் பிடிபட்டவர் நல்ல வக்கீல் வைத்து, அந்த ஒரு காகிதம் இல்லை என்று சொல்லி வெளியே வருவார். யாரிடம் வக்கீலுக்குக் காசு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சலான் வந்தால் என்ன செய்யலாம்?

வேகமாகப் போனது உங்களுக்கே தெரிந்தால், கட்டிவிடுங்கள். அதில் பேச ஒன்றும் இல்லை.

சந்தேகம் இருந்தால் முதலில் படத்தைப் பாருங்கள். குறிக்கோடு உங்கள் வண்டியின் மேல் இருக்கிறதா, பக்கத்தில் வேறு வண்டி இருக்கிறதா, தூரம் எவ்வளவு என்று போட்டிருக்கிறதா? தேதியையும் நோட்டீஸ் வந்த நாளையும் ஒப்பிடுங்கள். கருவியின் சீரியல் நம்பர் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அபராதத்தைக் கட்டிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். கருவியைப் பற்றிக் கேட்க அதன் பிறகு இடமில்லை. சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், அந்த இணையதளத்தில் பணம் கட்டும் தேர்வுக்குப் பக்கத்திலேயே வழக்கை எதிர்கொள்கிறேன் என்ற தேர்வும் இருக்கும். அதை அழுத்தினால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும். லீவு போட வேண்டியிருக்கும், அலைச்சல் இருக்கும். 1000 ரூபாய்க்கு அது தேவையா என்பது உங்கள் கணக்கு.

அலையாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர அல்லது மாவட்டக் காவல்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. பயன்பாட்டில் உள்ள லேசர் கருவிகளின் மாடல், சீரியல் நம்பர் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் 167ஏ விதியின்படி பெற்ற ஒப்புதல் சான்றிதழின் நகல், தந்த அதிகாரி யார், எப்போது காலாவதி. கடைசியாக அளவுத்திருத்தம் செய்த ஆய்வகம், அதன் அறிக்கை. நீங்கள் பிடிபட்ட தேதியில் அந்தக் கருவியின் அன்றாடச் சோதனைப் பதிவேட்டின் பக்கம். நான்கு கேள்வி போதும். பதில் தர அவர்களுக்கு 30 நாள்.